தாங்கி நடக்கிறவள்

டிசம்பர் 8, ஞாயிறு

ஹெலன் வந்துவிட்டாள். காலை ஆராதனையில் பாட்டு ஆரம்பித்த பிறகு உள்ளே நுழைந்தாள், அதுவும் நடுவழியே. கையில் ஒரு ஊன்றுகோல், கறுப்பு நிறம், வழவழவென்று. ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தரையில் ஊன்றி, இடது காலைத் தாங்கித் தாங்கி, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் முன்வரிசை வரை போய் உட்கார்ந்தாள். பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். நானும்தான்.

நர்சிங் பள்ளியில் எங்களுக்கு மூன்று வருஷம் ஒரே அறை. இரண்டு பேருக்கும் ஐம்பத்தேழு. படித்து முடித்ததும் அவள் சவுதி போனாள், அங்கிருந்து அயர்லாந்து. கார்க் என்ற ஊரில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறாள். நான் இந்தப் பாளையங்கோட்டையிலேயே, சேர்ந்த ஆஸ்பத்திரியிலேயே, ஆண்கள் வார்டில் சிஸ்டர்.

வாசலில், "ஏட்டி புஷ்பம்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"என்னட்டி கம்பு?" என்றேன்.

"இடுப்புல டிஸ்க் போச்சு. ரெண்டு எடத்துல." புதுச் சேலை எடுத்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஆளுகளத் தூக்கித் தூக்கி வந்ததுதான்னு அங்க டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே வார்டுப் பக்கம் வராத, உக்காந்து போன்ல பேசுத வேலையப் பாருன்னுட்டாங்க. பாதி நேரந்தான். கொறையுத சம்பளத்துக்குக் கவர்மெண்ட் கொஞ்சம் குடுக்கு."

"நல்லதாப் போச்சு," என்றேன். என் குரலில் இருந்த இனிப்பு எனக்கே திகட்டியது.

"ஒனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன. கல்லு மாதிரி இருக்கேன்."

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். தலைவலி. என் வீட்டுக்காரர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து இடுப்புக்கு அடியில் வைத்தார். எனக்குத் தலைவலிக்கு அங்கே வைத்தால்தான் கேட்கும்.

டிசம்பர் 10, செவ்வாய்

வார்டு நிறைய ஆள். காய்ச்சல் சீசன்.

மதியம் நிர்வாக அலுவலர் வின்சென்ட் சார் எல்லா சிஸ்டர்களையும் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு ஜனவரியில் உடல்தகுதிப் பரிசோதனை நடக்குமாம். "உங்க நல்லதுக்குத்தான் சிஸ்டர்," என்று இரண்டு தடவை சொன்னார். போன வருஷம் ஆபரேஷன் தியேட்டர் கஸ்தூரிக்கும் இப்படித்தான் நல்லது செய்தார்கள். முட்டி தேய்ந்துவிட்டது என்று தெரிந்த அடுத்த மாதமே பொன்னாடை, சுவர்க்கடிகாரம், ஆளுக்கு ஒரு கேக். நாங்களெல்லாம் கை தட்டினோம். கஸ்தூரியும் எங்களோடு சேர்ந்து தட்டினாள்.

இடது பாதம் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது. குளிர்தான்.

டிசம்பர் 14, சனி

ஹெலன் வீட்டுக்கு வந்தாள். அவர் இடியாப்பமும் சொதியும் செய்திருந்தார். வேலை பார்த்த அச்சகத்தை மூடியபோது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. அதற்குப் பிறகு எங்கே கேட்டாலும், "சொல்லி அனுப்புதோம் அண்ணாச்சி," என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படி அவருடையது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

ஹெலன் போனில் படங்கள் காட்டினாள். அவள் உட்காரும் நாற்காலி. ஒரு பொத்தானைத் தொட்டால் மேலே போய்க் கீழே வருகிற மேஜை. அவளுக்காகவே வாங்கிப் போட்டதாம்.

"நின்னு வேலை பாக்கணும்னு தோணிச்சுன்னா மேஜையும் கூட எந்திரிக்கும் அண்ணே!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. சொதியில் உப்புக் குறைவு என்று சொன்னேன். குறைவு இல்லை.

அப்புறம் அவள் சொன்ன ஒன்றுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவளுடைய மேலதிகாரி அம்மா அவ்வப்போது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பாளாம்: "இப்ப ஒன்னால என்ன வேலை முடியும்?"

"முடியுமா, முடியாதான்னு இல்லட்டி. என்ன முடியும்னு. மொத தடவை கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துட்டு."

பிறகு மற்ற கூட்டாளிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. மஸ்கட்டில் இருந்த சுகந்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்து, ஊருக்கு டிக்கெட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். விசாவும் அத்தோடு முடிந்தது. அமெரிக்காவில் இருக்கும் ரோஸ்லின் தோள் தூக்க முடியாமல் இன்னும் பகலும் இரவும் டியூட்டி பார்க்கிறாள். வேலையை விட்டால் இன்ஷூரன்ஸ் போய்விடும், இன்ஷூரன்ஸ் போனால் தோளுக்கு வைத்தியம் கிடையாது.

"நாலு பேரும் ஒரே ஹாஸ்டல், ஒரே வார்டுலதான் தூக்கப் படிச்சோம்," என்றாள் ஹெலன். "ஒடம்பும் நாலு பேருக்கும் ஒண்ணு போலத்தான் போயிருக்கு. இருக்குத ஊருதான் வேற."

"மூணு பேருக்கு," என்று திருத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சுகந்தியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ரோஸ்லினை நினைத்தாலும் பாவம். அவர்களுக்காக ஜெபம் பண்ணினேன், சுலபமாக வந்தது. ஹெலன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு எதற்கு ஜெபம், அவளுக்குத்தான் மேஜையே எழுந்து நிற்கிறதே.

டிசம்பர் 17, செவ்வாய்

ஒரு வலி ஊசி. நானே போட்டுக்கொண்டேன். இந்த மாதத்துக்கு இதுதான் கடைசி.

டிசம்பர் 18, புதன்

இன்னொன்று.

டிசம்பர் 19, வியாழன்

மேட்ரன் ரூபவதி அம்மா ஹெலனை ஆஸ்பத்திரிக்கு அழைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வெளிநாட்டு விருந்தாளி என்று பூங்கொத்து கொடுத்தார்கள். அதே பள்ளியில் அவளைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டவளும் நான்.

அவள் பேசும்போது சட்டென்று கேட்டாள்: "ஒங்கள்ல யாருக்கெல்லாம் இடுப்பு வலி இருக்கு? கையத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கைகூட எழும்பவில்லை. வின்சென்ட் சார் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்பக் குடுத்துவச்ச ஆஸ்பத்திரி," என்று ஹெலன் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு என் வார்டைப் பார்க்க வந்தாள். ஏழாம் படுக்கைப் பெரியவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது வழுக்கிவிட்டது. அவர் என்மேல் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையில் சிராய்ப்புதான். தரை ஈரமாக இருந்தது. மீதியை நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

தரை ஈரமாக இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. படுத்தே கிடக்கிறேன். இடது காலைக் கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறது.

ஹெலன் கேக் கொண்டுவந்தாள். "ஸ்கேன் எடுத்துருவோம். நான் கூட வாரேன்," என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம். சதை பிசகியிருக்கு."

"நானும் நர்ஸ்தானட்டி."

"நீ போன்ல பேசுத நர்ஸு," என்றேன்.

அவள் முகம் ஒரு நொடி வாடியது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். அவர் எனக்குப் பிடித்த நிறத்தில் சேலை எடுத்து வைத்திருந்தார். உட்கார்ந்துகொண்டே கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

டியூட்டிக்குப் போனேன். ஊசி போட்டுக்கொண்டுதான். நேராக நடந்தேன். யாராவது பார்த்தால் வேகமாகவும் நடந்தேன்.

வார்டு வாசலில் செல்லக்கனி நின்றிருந்தாள். துப்புரவு வேலை, ஒப்பந்தக்காரர் ஆள், என்னைவிட மூத்தவள். சீருடை போடவில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரம்மா, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு நான் அந்தப் பக்கம் தொடைக்கவே இல்லியே. பைப்புல தண்ணி வரலன்னு வாளியோட மாடியில இல்ல நின்னேன். தரை ஈரமா இருந்துச்சுன்னு என்னைய நிறுத்திட்டாவ. இந்த வயசுல நான் வேற எங்கன போயி நிப்பேன்?"

"நான் பேசுதேன், போங்க," என்றேன்.

பேசவில்லை. வின்சென்ட் சார் அறையைத் தாண்டித்தான் வந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

டிசம்பர் 28, சனி

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பெரியவரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பக்கவாதம் வந்தவர், நல்ல கனம். ஹெலன் ஊன்றுகோலோடு கட்டில் காலடியில் நின்றாள். பெரியவரின் மருமகள் அவளிடம், "நீங்க வெளிநாட்டு டாக்டரம்மாவா?" என்று கேட்டாள். இத்தனை நாள் அவள் மாமனாருக்கு எல்லாம் செய்தவள் நான். என்னை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

நான் குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்தேன்.

"ஏட்டி, பொறு. ரெண்டு பேரக் கூப்பிடு," என்றாள் ஹெலன்.

"இது கார்க் இல்ல. இங்க நாங்களேதான் தூக்குவோம்."

"புஷ்பம், ஒன் காலு நடுங்குது. நான் பாக்குதேன்."

அவள் பார்க்கிறாள் என்பதால்தான் தூக்கினேன். நீ கம்பை ஊன்றி நிற்கிறாய், இதோ பார், நான் தூக்குகிறேன் என்று காட்டத்தான். பாதி தூக்கியதும் இடது கால் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. விழும்போது ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். அவருக்கு அடியில் நான் போய்விட்டேன்.

தரை காய்ந்துதான் கிடந்தது. ஈரம் என்று வின்சென்ட் சாரிடம் எழுதிக் கொடுத்தவள் நான்.

நாலு வருஷமாக வலி. அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இந்த நோட்டுக்குக்கூட இன்றுதான் சொல்கிறேன்.

டிசம்பர் 30, திங்கள்

ஹெலனோடு சண்டை. அவர் கடைக்குப் போயிருந்த நேரம்.

"அந்தப் பொம்பள வேலை போயிட்டாமே," என்றாள். "தரை காஞ்சுதான் கெடந்துது. ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யணுங்குத? எனக்கு இடுப்பு போயிட்டு, கால் போயிட்டுன்னு போய்ச் சொல்லட்டா? ஜனவரி வரைக்கும்கூட வைக்க மாட்டாங்க. ஒனக்கு என்ன, உண்மை சொன்னா நாற்காலி கெடைக்கும், மேஜை கெடைக்கும். நான் சொன்னா பொன்னாடை கெடைக்கும். கேக்கு கெடைக்கும்."

அவள் கம்பைக் கைமாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டா? எனக்கு ஒன் மேல பொறாமையாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ஒன் வார்டுல நொழஞ்சதும் அத்தனை கட்டில்லருந்தும் சிஸ்டர், சிஸ்டர்னு கூப்புடுதாங்க. என்னைய அங்க யாரும் மூஞ்சி பாத்துக் கூப்புடுதது இல்ல. காதுல மாட்டிட்டு நாள் பூரா செவத்தப் பாத்துப் பேசுதேன். நோயாளியத் தொட்டு மூணு வருசமாவுது."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, கண் கலங்கியிருந்தது. இருந்தாலும் என் மனம் இளகவில்லை. அவள் சுவரைப் பார்த்துப் பேசட்டும். அந்தச் சுவரை எனக்குத் தரச் சொன்னால் இன்றைக்கே வாங்கிக்கொள்வேன்.

"மாத்திக்குவோமா?" என்று கேட்டேன்.

அவள் கம்பை ஊன்றி வாசலுக்கு நடந்தாள். அதுதான் பதில்.

ஜனவரி 2, வியாழன்

செல்லக்கனி வார்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்! என்னைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. "நீங்க பேசிட்டிங்களேம்மா, நல்லா இருக்கணும்."

நான் பேசவில்லையே. மேட்ரனிடம் போய்க் கேட்டேன்.

"ஹெலன் வந்துட்டுப் போனா," என்றார்கள் மேட்ரன். "அவ கம்பு ஒன் கால்ல இடறித்தான் நீ விழுந்தியாமே. இவ்வளவு நாள் சொல்லாம இருந்ததுக்கு மன்னிப்புக் கேட்டா. ஏழாம் படுக்கைக்காரங்க வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கா. நல்ல பிள்ள."

நல்ல பிள்ளை.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். செல்லக்கனிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. என் இடுப்பைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஹெலனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவாள். எல்லோருக்கும் நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது. எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. உண்மைதான் அவளுக்கு மலிவு என்று நினைத்திருந்தேன், பொய்யும் மலிவாகத்தான் கிடைக்கிறது. இனி நான் அந்த வார்டில் நடக்கிற ஒவ்வொரு நாளும் அவள் போட்ட பிச்சை.

ஜனவரி 3, வெள்ளி

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன், "நாளைக்கு வின்சென்ட் சார்ட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்தச் செல்லக்கனிக்காகவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல. ஹெலனுக்குக் கடன்பட்டு இருக்க முடியாது."

"அதுவும் ஒரு காரணந்தான்," என்றார். பிறகு, "ஒருவேள உன்னைய நிறுத்திட்டாங்கன்னா, அடுப்படியில ரெண்டு பேருக்கு எடம் பத்தாதுளா. இப்பமே சொல்லிட்டேன்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஹெலன் இல்லாமலே சிரித்தார்.

ஜனவரி 4, சனி

ஊசி போடாமல் போனேன்.

வார்டிலிருந்து நிர்வாக அறைக்கு நீளமான வராந்தா. நாலு வருஷமாக அதில் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். இன்று காலைத் தாங்கித் தாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆய்வகப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் இடுப்புக்கு என்ன சுகம்! வலிக்கிற காலை வலிக்கிற காலாகவே நடக்கவிட்டால் இத்தனை இலேசாக இருக்குமென்று தெரியாது.

வின்சென்ட் சார், மேட்ரன் இரண்டு பேரிடமும் சொன்னேன். தரை ஈரமில்லை, கம்பு இடறவில்லை, என் கால்தான், நாலு வருஷமாக. ஊசியைப் பற்றியும் சொன்னேன்.

வின்சென்ட் சார் பேனாவை மூடி வைத்தார். "இவ்வளவு நாள் மறைச்சிருக்கீங்க சிஸ்டர். ஒரு நோயாளி விழுந்திருக்காரு. எங்களுக்கு வேற வழி இல்லை. வார்டு வேலை உங்களால முடியாதுன்னு நீங்களே சொல்றீங்க."

"தூக்க முடியாதுன்னுதான் சொன்னேன் சார். என்ன முடியும்னு நீங்க கேக்கவே இல்லியே."

அவர் மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் ஜன்னலைப் பார்த்தார்கள். "சரி, என்ன முடியும்?" என்றார்.

கேள்வி வந்ததும், ஹெலனுக்கு ஏன் அழுகை வந்தது என்று புரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்காத கேள்விக்குப் பதிலை எங்கே வைத்திருக்கப் போகிறேன்? கடைசியில் எதையோ சொன்னேன். படுத்த படுக்கையாக வீட்டுக்குப் போகிற ஆட்களை எப்படிப் புரட்டுவது, எப்படிக் குளிப்பாட்டுவது, புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வாயால் சொல்லலாம், உட்கார்ந்து சொல்லலாம். இப்போது யாரும் சொல்வதில்லை, அதனால்தான் பாதிப் பேர் புண்ணோடு திரும்பி வருகிறார்கள்.

"அப்படி ஒரு போஸ்ட்டே நம்மகிட்ட இல்லை சிஸ்டர்."

"தெரியும் சார்."

ஜனவரி 8, புதன்

மேட்ரன் அம்மா பேசியிருக்கிறார்கள். ஆறு மாதம் பார்க்கலாமாம். பாதி நேரம், பாதிச் சம்பளம். மீதிக்கு எந்தக் கவர்மெண்டும் இல்லை. வார்டு சிஸ்டர் என்ற பெயர் கிடையாது. மருந்துக்கடை பக்கத்தில் ஒரு மூலை. மேஜை பழையது, ஒரு கால் ஆடுகிறது.

ஹெலனிடம் சொன்னேன். "எம்மேல கோவம்தான?" என்றாள்.

"கோவம் இல்ல."

"அப்ப?"

"அது வேற."

அவள் தலையாட்டினாள். என்ன என்று கேட்கவில்லை.

ஜனவரி 11, சனி

ஹெலனை வழியனுப்பத் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போனோம். அவள் தம்பி காரை நிறுத்தப் போய்விட்டான். நானும் அவளும் நுழைவாசலுக்கு நடந்தோம். இரண்டு பேரும் இடது காலைத் தாங்கித் தாங்கி. நர்சிங் பள்ளியில் அணிவகுப்பில் நடந்த மாதிரி ஒரே தாளம் என்று ஹெலன் சிரித்தாள்.

அவள் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தாள். சீருடை போட்ட ஒரு ஆள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நேராக என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

"உக்காருங்கம்மா."

"எனக்குத்தாண்ணே அது," என்றாள் ஹெலன். "சரி, இருக்கட்டும். ஏட்டி, கொஞ்சம் உக்காரு. நேரம் இருக்கு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்தக் கையால் எத்தனை பேரை இப்படி நாற்காலியில் உட்காரவைத்திருப்பேன். ஒரு தடவைகூட நான் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். அவர் குனிந்து என் இரண்டு பாதங்களையும் எடுத்து மிதியில் வைத்தார். முதுகு பின்னால் சாய்ந்ததும், இடுப்பில் இத்தனை வருஷம் சுமந்த குடத்தை யாரோ வாங்கி இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹெலன் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவேன், ஸ்கேனை மட்டும் எடுத்துவிடு, அண்ணனைக் கேட்டதாகச் சொல்லு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

உள்ளேயிருந்து அறிவிப்புக் கேட்டது.

"சரி, எந்திரி புஷ்பம். நேரமாவுது."

காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். ஹெலன் கம்பை ஊன்றி என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, உதட்டைக் கடித்திருந்தாள். அவளுக்கு வலிக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. தள்ளுகிறவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.